பாகற்காய்க் குழம்பில் ஐந்து மாத்திரை

வீரம்மாளுக்கு ஓரிடத்தில் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொன்னால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடந்துவிடுவாள். கல்யாணப் பந்தியில் உட்கார வைத்தால், பாதியில் எழுந்து சாம்பார் வாளியைப் பிடுங்கிப் பரிமாறக் கிளம்பிவிடுவாள். கல்லங்குறிச்சிப் பக்கம், சொந்தமாக ஒரு குழி நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தத் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண். நர்ஸ் பயிற்சி முடித்து, கிராம சுகாதாரச் செவிலியராக வடக்குமேட்டுக்கு வந்து சேர்ந்தாள். எறையூர் சர்க்கரை ஆலையிலிருந்து நாலு கல் தள்ளி இருக்கிறது வடக்குமேடு. அந்த ஊரும் சுற்றியிருந்த மூன்று ஊர்களும் அவள் பொறுப்பு. ஐயாயிரம் பேருக்கு ஒரு நர்சம்மா, ஒரு மொபெட்.

வேலைக்கு வந்த புதிதில் அவளைக் கண்டாலே பெண்கள் ஓடி ஒளிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வருடத்துக்கு இத்தனை குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று மேலேயிருந்து கணக்குக் கேட்ட காலம் அது. மார்ச் மாதம் நெருங்க நெருங்க வீரம்மாளுக்குச் சோறு இறங்காது. இரண்டு பிள்ளை பெற்றவள் எவளாவது கண்ணில் பட்டால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்னால் போவாள். 'நர்சு மொபெட் சத்தம் கேக்குது, போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படு' என்று மாமியார்கள் மருமகள்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் இது.

தொண்ணூற்றாறாம் வருடம் அந்தக் கணக்கை நிறுத்தினார்கள். இனிமேல் பெண்களிடம் போய் உடம்புக்கு என்ன என்று கேளுங்கள் என்றார்கள். பெரம்பலூரில் ஐந்து நாள் பயிற்சி நடந்தது. வெள்ளைப்படுதல் ஏன் வருகிறது, எது சாதாரணம், எது நோய், எந்தப் புண்ணுக்கு எந்த மாத்திரை என்று சொல்லிக்கொடுத்தார்கள். வீரம்மாள் அதைக் கேட்டபோது முதலில் சந்தோஷப்பட்டாள். அப்புறம் கோபப்பட்டாள். இத்தனை வருடம் இதையெல்லாம் கேட்காமல் எத்தனை வீட்டு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறோம் என்று தன் மேலேயே வந்த கோபம்.

அவள் கண்டுபிடித்த வழி சுலபமானது. வீட்டில் வைத்துக் கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். அதனால் வீரம்மாள் அவர்கள் கரும்பில் தோகை உரிக்கும் இடத்துக்கே போய்விடுவாள். மத்தியானம் மோட்டார் கொட்டகை நிழலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது இவளும் போய் நடுவில் உட்கார்ந்து, ஊறுகாயை வாங்கிக்கொண்டு பேச்சை ஆரம்பிப்பாள். முதலில் சிரிப்பார்கள். 'இந்த நர்சம்மாளுக்கு வெக்கமே கெடையாது' என்பார்கள். பிறகு ஒருத்தி, 'எனக்கு மூணு வருசமாவே இருக்கு, சூட்டு ஒடம்புன்னு நெனச்சுக்கிட்டேன்' என்பாள். அதற்கப்புறம் தூக்கை மூட நேரம் இருக்காது.

இப்படிப் பெண்களிடம் எதையும் பேசத் துணிந்தவள், ஆண்களிடம் வாயைத் திறக்க மாட்டாள். கூலித் தெருப் பெண் வடக்குமேட்டு ஆம்பளையிடம் அந்தப் பேச்சைப் பேசினால் என்ன பேர் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆணுறைப் பெட்டியைத் துணை சுகாதார நிலையத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, உள்ளே முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வேண்டியவன் எடுத்துப் போகட்டும். யார் எடுத்தான், எப்படிப் பயன்படுத்தினான் என்பதெல்லாம் அவனுக்கும் அந்த ஜன்னலுக்கும்தான் தெரியும். இது ஏன் என்று யாராவது கேட்டால் மரியாதை என்று சொல்வாள். உண்மையில் அது பயம்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் பொங்கல் கழிந்து, ஆலையில் அரவை மும்முரமாக நடந்த நேரம். ஜெயசித்ரா துணை நிலையத்துக்கு வந்தாள். இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். கணவன் பழனிவேல் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். அரவை இல்லாத மாதங்களில் ஆந்திராப் பக்கம் லாரிக்குப் போவான். ஜெயசித்ராவுக்கு ஒரு வருடமாக வெள்ளைப்படுகிறது, அரிப்பு, நாற்றம், அடிவயிற்றில் வலி. இரண்டு முறை மாத்திரை சாப்பிட்டுச் சரியாகி, இரண்டு முறையும் திரும்ப வந்துவிட்டது. மாதம் ஒரு தரம் வருகிற டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்துப் பார்த்தார். இரண்டு கவர்களில் ஐந்தைந்து மாத்திரை போட்டார்.

"ஒன்னு இவளுக்கு. ஒன்னு இவ வீட்டுக்காரருக்கு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, அஞ்சையும் ஒரே வேளையா முழுங்கணும். அவர் சாப்பிடலேன்னா இவளுக்குத் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டேதான் இருக்கும். முக்கியமா, மூணு நாளைக்குச் சாராயம் பிராந்தி எதையும் தொடக் கூடாது. அவர்கிட்ட நீங்களே பேசிக் குடுத்துடுங்க, சிஸ்டர்."

"சரிங்கம்மா," என்றாள் வீரம்மாள்.

மறுநாள் காலையில் பழனிவேல் வேப்பமரத்தடியில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வீரம்மாள் மொபெட்டை நிறுத்தினாள். மாத்திரைக் கவர் பையில் இருந்தது. அவன் நிமிர்ந்து, "என்ன நர்சம்மா?" என்றான்.

"சின்னவனுக்குப் புதன்கிழமை ஊசி போடணும். மறந்துடாதீங்க."

இதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முறுக்கினாள் பாருங்கள், மொபெட் தெருமுனையில் ஒரு கோழியை அடிக்கப் பார்த்தது.

அன்று சாயங்காலம் குழாயடியில் ஜெயசித்ராவைப் பிடித்து, கவரை அவள் கையில் திணித்தாள். "இது அவருக்கு. அன்னிக்குக் குடிக்காம பாத்துக்க."

"அக்கா, நான் எப்படிக்கா குடுப்பேன்? எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? நான் சொன்னா குடிக்காம இருக்கிற ஆளா அவரு?"

"எப்படியாவது குடுத்துடு," என்றாள் வீரம்மாள். அடுத்த தெருவில் ஒரு கர்ப்பிணி காத்திருந்தாள். கிளம்பிவிட்டாள்.

ஜெயசித்ரா யோசித்தாள். நேராகக் கொடுத்தால் 'உனக்கு எவன்கிட்டேருந்து வந்துச்சு?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஒரு மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். குமட்டுகிற கசப்பு. இந்தக் கசப்பை ஒளித்து வைக்க எது தோதான இடம்? ஞாயிற்றுக்கிழமை பாகற்காய் வாங்கிக் குழம்பு வைத்தாள். ஐந்து மாத்திரையையும் அம்மியில் பொடித்து, அவன் கிண்ணத்தில் மட்டும் கலந்தாள். தன் பங்கு ஐந்தையும் முழுங்கினாள். நர்சம்மா சொன்னபடி எப்படியாவது கொடுத்தாயிற்று.

பழனிவேல் மத்தியானம் வரும்போதே பிராந்திக் கடைக்குப் போய்விட்டு வந்திருந்தான். மிச்சத்தைச் சாப்பாட்டுக்கு நடுவில் முடித்தான். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முகம் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வாசலில் உட்கார்ந்து வாந்தியாய் எடுத்தான். குடல் வெளியே வந்துவிடும் போலிருந்தது. "சாகப் போறேன், சாகப் போறேன்," என்று அலறினான். அந்த மாத்திரையும் மதுவும் வயிற்றில் சந்தித்தால் இப்படித்தான் ஆகும். டாக்டரம்மா அதற்காகத்தான் அத்தனை அழுத்திச் சொன்னார்.

ஆனால் வடக்குமேட்டில் யாரும் அப்படி நினைக்கவில்லை. புருஷனை மயக்கிக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்டாட்டி சோற்றில் மருந்து வைப்பாள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பழனிவேலின் அம்மா ஆண்டாயி சாம்பல் குழியைக் கிளறி, கிழித்த மாத்திரைக் கவரை எடுத்துக் கொண்டுவந்துவிட்டாள். ஜெயசித்ராவின் தலைமுடியைப் பிடித்து, "என்ன மருந்துடி? சொல்லுடி!" என்று கேட்டாள். ஜெயசித்ரா வாய் திறக்கவில்லை. சொன்னால் கெட்ட நோய்க்காரி, சொல்லாவிட்டால் மருந்து வைத்தவள். இரண்டில் பின்னதையே எடுத்துக்கொண்டாள். மூச்சு திரும்பியதும் பழனிவேலும் எழுந்து வந்து அடித்தான்.

மறுநாள், வயிற்றில் இருக்கும் மருந்தை எடுக்கிறவர் ஒருவரிடம் அவனைக் கூட்டிப் போனார்கள். அந்த ஆள் அவன் தொப்புளில் வாயை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஒரு உருண்டையை வாழையிலையில் துப்பிக் காட்டினாராம். சாட்சிக்கு இனி என்ன வேண்டும்? ஜெயசித்ராவை லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்திலிருந்த அவள் தாய்வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள். பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடி, உறவை அறுத்து விடுவதாகப் பேச்சு.

வீரம்மாளுக்கு இது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ராத்திரி சோறு பிசைந்தவள் எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். கணவன் சாமிதுரை, "ஒனக்கெதுக்கு வம்பு? மெமோ வந்தா யாரு பதில் சொல்றது?" என்றான். டாக்டரம்மாவை வந்து பேச வைக்கலாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். அவர் பதினைந்து நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். சத்து மாத்திரை என்று பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். சத்து மாத்திரைக்கு ஏன் அப்படி வாந்தி வந்தது, அதை ஏன் ஒளித்துக் கொடுத்தாள் என்று கேட்பார்கள். உண்மையை ஊருக்கு முன்னால் சொல்லலாம். சொன்னால் ஜெயசித்ரா அந்த ஊரில் தலை நிமிர முடியாது. எந்தப் பக்கம் போனாலும் முட்டிக்கொண்டது. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. மொபெட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பழனிவேல் ஒருவனிடம் பேசினால் போதும் என்பது முதல் நாளே அவளுக்குத் தெரியும். அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆலைக்குப் போனாள்.

வாசலிலிருந்து ரோட்டோரமாகக் கரும்பு வண்டிகள் அரைக் கல் தூரத்துக்கு நின்றன. எடை போட்டு உள்ளே விட ஒரு பகல் ஆனாலும் ஆகும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலையில் நர்சம்மாள் நடந்து வருவதைப் பார்த்து ஒருவன், "என்னம்மா, எங்களுக்கும் ஆபரேசனா?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். வீரம்மாளுக்குக் காது மடல் சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு வண்டி தூரம் நினைத்துக்கொண்டே நடந்தாள். கால் நிற்கவில்லை.

பழனிவேல் வரிசையின் கடைசியில் டிராக்டர் மேலேயே உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான்.

"தம்பி, கீழ எறங்கு. பேசணும்."

"அவளுக்காகப் பேச வந்திருந்தா அப்படியே போயிடுங்க."

"ஒனக்காகத்தான் வந்திருக்கேன். எறங்கு."

இறங்கினான். கரும்புப் பாரத்தின் மறைவில் நின்றார்கள். வீரம்மாள் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினாள். முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுபோகும்.

"ஒன் பொண்டாட்டி கலந்தது நான் குடுத்த மாத்திரை. கவர்மென்ட் மாத்திரை. அவளுக்கு அடியில புண்ணு மாதிரி ஒரு நோவு, ஒரு வருசமா. அது ரெண்டு பேருக்கும் சேந்து இருக்கும். ரெண்டு பேரும் சேந்து சாப்பிட்டாத்தான் போகும். அத ஒங்கிட்ட சொல்ல வேண்டியது நானு. சொல்லாம அவ தலையில கட்டிட்டேன். நீ குடிச்சிருந்ததால வாந்தி வந்துச்சு. மருந்தும் இல்ல, மாயமும் இல்ல."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள்: "ஒனக்கு ஒன்னுக்குப் போறப்ப எரிச்சல் இருக்கா?"

அடிப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் டிராக்டர் இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தான். கறுப்பாய் லேகியம்.

"திருச்சியில ஒரு லாட்ஜ்ல வைத்தியரு வந்து தங்குவாரு. மூணு தடவ போயிட்டேன். நரம்புத் தளர்ச்சிங்கிறாரு. இதத் தின்னுட்டு, சூடுன்னு நெனச்சு தெனம் ரெண்டு எளநியும் குடிக்கிறேன். ஒன்னும் கேக்கல." குரலைத் தாழ்த்தினான். "லாரிக்குப் போனப்ப ஒரு எடத்துல..."

"எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. மாத்திரை முழுங்கறியான்னு கேக்கறேன். கடைசியா எப்பக் குடிச்ச?"

"அன்னியோட சரி. அந்தக் கடை வாசலைப் பாத்தாலே கொமட்டுது."

புதுக் கவரைக் கொடுத்தாள். தண்ணீர்க் கேனைச் சாய்த்து ஒவ்வொன்றாக முழுங்கினான். மூன்றாவதில் முகத்தைச் சுளித்தான். "பாகக்கா ஏண்டி இப்படிக் கசக்குதுன்னு அன்னிக்கு வேற திட்டுனேன்." ஐந்தும் முடிந்தபின் கேனின் மூடியைத் திருகி மூடினான். "இத அவ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நானே சொல்லலியே, தம்பி. அவ எப்படிச் சொல்லுவா?"

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. நாட்டாமை கருப்பண்ணன் பேச ஆரம்பிப்பதற்குள் பழனிவேல் எழுந்துவிட்டான். "எனக்கு வயித்துல புண்ணு. நர்சம்மா குடுத்த மாத்திரை. குடிக்காதன்னு சொல்லித்தான் குடுத்திருக்காங்க, நான் குடிச்சுட்டேன். தப்பு என்னுது. எம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வரப் போறேன்," என்றான். வயிறு என்று அவன் எந்த இடத்தைச் சொன்னான் என்பது கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வீரம்மாளுக்கு மட்டும் புரிந்தது. ஆண்டாயி விடவில்லை. "அப்ப அந்த உருண்டை?" என்றாள். "அது அந்த ஆளு வாயில முன்னாடியே இருந்திருக்கும், ஆத்தா," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டம் சிரித்துக் கலைந்தது. கருப்பண்ணன் மட்டும் வீரம்மாளைக் கூப்பிட்டு, "ஏம்மா நர்சு, மாத்திரை குடுத்தா ஆளப் பாத்துக் குடு," என்று மிரட்டலாகச் சொன்னார். "இனிமே அப்படித்தாங்க குடுப்பேன்," என்றாள் அவள்.

பெரிய பேச்சுக்காரியாக அவள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆலை வரிசைக்கு அடுத்த முறை போகவே மூன்று மாதம் ஆயிற்று. ஆனாலும் போனாள். அங்கே வேலையில் இருந்த 2007 வரைக்கும், அரவை நடக்கிற மாதங்களில் வாரம் ஒரு நாள் வண்டிக்காரர்களிடம் நின்று பேசிவிட்டுத்தான் வருவாள். கேலி செய்தவர்களே தனியாக வந்து கேட்டார்கள். இதெல்லாம் சுகாதாரத் துறைக் கூட்டங்களில் அவளைப் பாராட்டிச் சொன்ன கதைகள். பாராட்டும்போது அவள் இருப்புக்கொள்ளாமல் எழுந்து வெளியே போய்விடுவாள். ஏன் என்று கேட்டால், ஊர் கூடியதற்கு மறுநாள் திங்கட்கிழமை நடந்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை, பழனிவேல் ஜெயசித்ராவின் தாய்வீட்டுக்குப் போகும் முன்பே வீரம்மாள் மொபெட்டில் போய் நின்றாள். நல்ல சேதியைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்ற ஆசை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ஜெயசித்ரா கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில் வீக்கம் வடிந்து, தோல் பச்சை பாய்ந்து கிடந்தது.

"ஒன் வூட்டுக்காரரு மாத்திரையை முழுங்கிட்டாரு. ஊருக்கு முன்னால தப்பு என்னுதுன்னு சொல்லிட்டாரு. ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போக வந்துக்கிட்டிருக்காரு," என்றாள் வீரம்மாள், ஒரே மூச்சில்.

ஜெயசித்ரா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "பசங்க?"

"நல்லா இருக்காங்க. சின்னவன் ஒன்னத் தேடறான்."

"அவருகிட்ட நீங்களா பேசினீங்க?"

"நான்தான். ஆலைக்கே போய்ப் பேசினேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. கேட்டுக்கிட்டாரு. அவருக்கும் இருந்திருக்கு, பாவம்."

"பேச எவ்ளோ நேரம் ஆச்சு?"

வீரம்மாளுக்கு ஏன் கேட்கிறாள் என்று விளங்கவில்லை. "கால் மணி நேரம் இருக்கும்."

ஜெயசித்ரா கையிலிருந்த சாம்பலைத் தண்ணீரில் கழுவினாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்தக் கால் மணி நேரத்துக்கு நீங்க பயந்ததுக்குத்தான் நான் அடி வாங்குனேன், அக்கா."

"ஆமா," என்றாள் வீரம்மாள். ஜெயசித்ரா துணிமணியை எடுத்து வைக்க உள்ளே போனாள்.